நாலாவது அத்தியாயத்தை யார் சொல்வது?

என் அக்கா வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். இருபத்தாறு வருடமாக அவர் எழுதியதெல்லாம் சர்வீஸ் ரிஜிஸ்டர்தான்: என்ன பழுது, எத்தனை மணி, என்ன மாற்றப்பட்டது. அக்கா இறந்துபோய் ஒரு வருடம் ஆனதும், அவளைப் பற்றிப் புத்தகம் எழுதப்போவதாக நோட்டும் கையுமாக வந்து நின்றார். டைப் அடிக்கிற வேலை என் தலையில் விழுந்தது. அவள் போனதிலிருந்து எனக்கு எதிலும் ஒன்றும் தோன்றுவதில்லை. சரி என்றேன்.

நோட்டைப் பிரித்தால், "காய்ச்சல் கண்டறியப்பட்டது. மாத்திரை வழங்கப்பட்டது. பலன் இல்லை." அன்றைக்கு மட்டும் எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"அத்தான், இது என் அக்காவா, லிஃப்டா? இதையெல்லாம் யாரு பார்த்தது?"

"நான்தான்."

"அப்போ நான்னு எழுதுங்களேன். யாரு வேண்டாம்னா?"

எழுதினார். அக்கா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் சமாதானம் செய்யத் தெரியாமல், நன்றாக ஓடுகிற மிக்ஸியைக் கழற்றிப் பழுது பார்ப்பாரே, அதெல்லாம் வந்தது. சிரிக்க வேண்டிய இடம்தான். நான் பாட்டுக்கு அடித்துக்கொண்டு போனேன்.

மூன்று அத்தியாயம் ஓடியது. நாலாவதில் நின்றுவிட்டார். அது ஆஸ்பத்திரி. கடைசி நாள் மத்தியானம், எங்கேயோ இரண்டு மாடிக்கு நடுவே லிஃப்டில் ஆள் மாட்டிக்கொண்டதென்று போன் வந்தது. ஓடினார். திரும்பி வரும்போது எல்லாம் முடிந்திருந்தது. கட்டிலருகே இருந்தது நான் மட்டும்.

"நான்னு எப்படிம்மா எழுதுவேன்? நான்தான் அங்க இல்லையே. நீதானே இருந்தே. நீ சொல்ற மாதிரியே எழுதிடறேன். கடைசியா என்ன கேட்டா?"

ஒரு வருடமாக இந்தக் கேள்விக்குத்தான் பயந்துகொண்டிருந்தேன். மழுப்பியிருக்கலாம். முடியவில்லை.

"அவர் வந்துட்டாரான்னு கேட்டா, அத்தான். அவளுக்குக் கண்ணு தெரியல. வந்துட்டாருன்னு சொல்லி என் கையைக் கொடுத்தேன். நீங்கன்னு நினைச்சு கெட்டியா பிடிச்சுக்கிட்டா. அப்படியே போயிட்டா."

திட்டுவார் என்று நினைத்தேன். தலையை ஆட்டிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

ஒரு வாரம் கழித்து நாலாவது அத்தியாயம் கைக்கு வந்தது. நான் சொல்வதாக இல்லை. அக்காவே சொல்வதாக எழுதியிருந்தார். அவர் வந்துவிட்டாரா என்று அவள் கேட்கிறாள். வந்துவிட்டார். அவர் கையைப் பிடித்துக்கொள்கிறாள். அவ்வளவுதான், இரண்டே பக்கம். திருப்பித் திருப்பிப் பார்த்தேன். தங்கை என்று ஒருத்தி அந்த அறையிலேயே இல்லை.

கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை, அழுகையும் வரவில்லை. அக்காவுக்குத் தெரிந்தது அவ்வளவுதானே. வந்துட்டாருன்னு சொல்லி என்னை அங்கிருந்து எடுத்ததே நான்தான். ஓர் எழுத்துகூட மாற்றாமல் டைப் அடித்துக் கொடுத்தேன். அவள் கடைசியாகப் பிடித்தது என் கை என்று இனி எங்கேயும் இருக்காது.