கருவாட்டுக் கூடைக்குள் ஒரு வெள்ளை ரோஜா

சாந்தோமில் எங்கள் பக்கத்து வீட்டு ராஜநாயகம் வாத்தியார், பையன்களுக்கு இங்கிலீஷ் இலக்கணம் புகட்டியே பாதி ஆயுளைக் கழித்தவர். அச்சில் இருந்தால் அவருக்கு அது வேதம். ஓய்வு பெற்றதும் அந்தப் பிடிவாதம் முழுவதும் ஒரு வெள்ளை ரோஜாச் செடியின் தலையில் விடிந்தது.

மாதா கோயில் கிறிஸ்துமஸ் குடிலில் பாலன் இயேசுவின் காலடியில் வைக்கும் பூ, வருஷா வருஷம் கிளாடிஸ் டீச்சர் வீட்டிலிருந்துதான் போகும். இந்த முறை தம் வீட்டுப் பூ போகாவிட்டால் செத்தாலும் கண் மூடாது என்றார். செடியில் இருந்ததோ ஒரே மொட்டு.

பனி செடியைக் கொன்றுவிடும், மூடி வை, அடியில் புதுக் குதிரைச் சாணம் போட்டுச் சூடேற்று என்று ஏதோ சீமைப் புத்தகத்தில் படித்துவிட்டார்.

“சார், அது தண்ணியே கல்லாகிற உறைபனி. நம்ம மார்கழிப் பனிக்குக் கொசுகூடச் சாகாது” என்றேன்.

“பனி பனிதானேம்மா! தமிழ்ல ஒரே வார்த்தைதானே?”

உலகச் சண்டை நடந்த காலம், செடியை மூடக் கோணிக்குத் தட்டுப்பாடு. பட்டினப்பாக்கத்து மீன்காரி முனியம்மாளிடம் கருவாட்டுக் கூடை ஒன்றை ஓசியில் வாங்கிச் செடிமேல் கவிழ்த்தார். ஓட்டைகளில் தம் பழைய காலுறைகளைத் திணித்தார். அடியில் லாயத்துச் சாணம். தூ! என் காபியில் கருவாடு மணத்தது, ரசத்தில் சாணம் மணத்தது. கடலில் போன கப்பல்களே கரையை விட்டு ஒதுங்கிப் போயின. பொடி போட்டுப் போட்டு மூக்கு செத்த வாத்தியாருக்கு மட்டும் ஒன்றும் தெரியவில்லை.

“செடிக்குக் குளிர் விட்டுடுச்சு. எனக்குத்தான் மூச்சு விட முடியலை” என்று அவர் மனைவி ஆலிஸ் தங்கை வீட்டுக்கே போய்விட்டாள்.

கூடையைத் திருப்பி வாங்க வந்த முனியம்மாள் வாசலிலேயே நின்றாள். “இன்னா வாத்யாரே, என் கருவாட்டுக் கூடைக்கே நாத்தம் புடிக்க வச்சிட்டியே! இத்த தூக்கிக்கினு போனா எவன் எங்கிட்ட மீன் வாங்குவான்? நீயே வச்சிக்க!”

கிறிஸ்துமஸுக்கு முந்திய மாலை மொட்டு விரிந்தது. பால் போன்ற பூ. வாத்தியார் அதை இரு கையிலும் ஏந்திக் கோயிலுக்கு நடந்தார். பின்னாலேயே தெருப்பூனைகள் அத்தனையும் பவனி வந்தன. பூ பாலன் காலடியில் ஏறியது. பொம்மை ஆடு மாடுகளுக்கு நடுவே பூனைகள் வரிசையாக உட்கார்ந்து பூவையே நக்கப் பார்த்தன. கிளாடிஸ் டீச்சர் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினாள்.

வாத்தியார் என் காதருகே குனிந்தார். “பாத்தீங்களா, ஒரு சொட்டுப் பனி படலை!”

நான் தலையை மட்டும் ஆட்டினேன். வாயைத் திறந்தால் அந்த நாற்றம் உள்ளே போகும்.