அடுக்களைத் தூணும் ஊர்க் கருவாலியும்

லுவோ சிங்ஃபா அடுக்களைத் தூணோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறார். தூணைச் சுற்றி ஓர் எஃகுப் பட்டை. அதன் இரு முனைகளுக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் வெர்னியர் அளவுகோலை நுழைத்து, மூக்குக்கண்ணாடியை நுனி மூக்குக்கு இறக்கிப் படிக்கிறார். பக்கத்தில் மண்குடுவையில் வறுபடும் தேயிலை கருகுகிறது.

“தூணுக்கு எத்தனாவது மாசம்?” என்று கேட்கிறார் மனைவி குய்லான்.

“சும்மா இரு. பேசினா எண்ணு மறந்துடும்.”

அய்லாவ் மலைக்காட்டில் பட்டை கட்டிய மரங்களை ஆய்வு நிலையத்துக்காக அளந்து வருவது அவர் வேலை. மரம் பருத்தால் இடைவெளி அகலும், அவ்வளவுதான். அளக்குமுன் பாசியை ஒதுக்கி, அடிமரத்தை உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டுவார், பால் கறக்கப் போகிறவர் பசுவைத் தட்டுவதுபோல. மத்தியானச் சோளரொட்டியைப் பெரிய கருவாலியின் அடியில்தான் தின்பார். ஊரார் சேவல் அறுத்து மழை கேட்பதும் அந்த மரத்திடம்தான்.

இந்த வருஷம் அவருக்கு எதுவும் பிடிபடவில்லை. குளிர்காலத்தில் உறைபனியே விழவில்லை. ஓய்ந்திருக்க வேண்டிய மரங்கள் பருத்தன. அதற்குப் பின் வெயில் காய்ந்தது; பருத்தவை இளைத்தன. மரம் இளைக்குமா? ஆய்வு நிலையத்தில் எல்லாரும் டீச்சர் என்று கூப்பிடும் ஆய்வாளர் தாவிடம் ஓடினார்.

“தண்ணி இல்லாட்டி மரம் இறுகும் மாமா. மழை பெஞ்சா திரும்ப உப்பிடும்.”

மழை பெய்தது. மற்ற மரங்கள் உப்பின. பெரிய கருவாலி மட்டும் இன்னும் இளைத்தது. தாவ் எண்ணைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள்.

“எதுக்கும் கண்ணைக் காட்டிட்டு வாங்க மாமா. பார்வை சரியில்லன்னா வேற ஆளைத்தான் அனுப்பணும்.”

அன்றுதான் தூணுக்குப் பட்டை கட்டினார். செத்த கட்டை வளராது, எண் மாறினால் கண்தான் கெட்டது என்று நினைத்தார். ஆனால் மழை ஈரத்தில் தூணும் ஊறிப் பருத்தது. கண்ணைத் திட்டினார், தூணைத் திட்டினார். அடுத்து மனைவியின் மணிக்கட்டை அளக்க வந்தார்.

“கிட்ட வந்தீங்கன்னா கரண்டிதான் பேசும்” என்றார் குய்லான். “இரும்பை அளங்க மனுசா! அதுவுமா ஊறும்?”

அடுப்பின் முக்காலிக்கு இரும்புக் கால். நெருப்பு மூட்டுமுன் காலையில் ஒருமுறை அதை அளந்தார், மறுநாள் காலையில் ஒருமுறை, அதற்கடுத்த நாளும். ஒரே எண். குய்லானும் படித்துப் பார்த்தார். அதே எண்.

“கழுகுக் கண்ணு! உங்க வேலை எங்கயும் போகாது!” என்று உருளைக்கிழங்கில் இன்னொரு கரண்டி பன்றிக்கொழுப்பை ஊற்றினார்.

லுவோ கிண்ணத்தைத் தொடவில்லை. “அப்ப மரம்?”

“மரத்துக்கென்ன?”

“கண்ணு நல்லாருக்குன்னா கெட்டது மரந்தானே?”

குய்லான் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தினார். ஊர் நாளைக்கு யாரிடம் போய் மழை கேட்கும் என்று குய்லானுக்கும் தெரியவில்லை.

தூறலோடு லுவோ காட்டுக்குப் போனார். பாசியை ஒதுக்கினார், கருவாலியைத் தட்டினார். இடக்கண்ணை மூடிப் படித்தார், வலக்கண்ணை மூடிப் படித்தார். போன தடவையைவிடக் குறைந்திருந்தது.

பிள்ளைக்குக் காய்ச்சல் என்று காட்டும் தெர்மாமீட்டரை உதறி உதறி மறுபடி வைக்கிற தாய்மார் உண்டு. லுவோ கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்; பளிச்சென்று இருந்தது. மறுபடியும் துடைக்க ஆரம்பித்தார்.