மஞ்சள் பூச்சு அறை

மொன்ட்ரியாலின் டோர்வல் விமான நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் சிறிய தொழிற்சாலை ஒன்றில் சிவாஜினி பூச்சு தெளிக்கிறாள். விமானங்களின் அலுமினியப் பாகங்கள் அங்கே வரும். உப்பும் ஈரமும் பட்டு அவை அரித்துப்போகாமல் இருக்க, முதலில் ஒரு மஞ்சள் பூச்சு அடிப்பார்கள். மற்ற நிறமெல்லாம் அதற்கு மேல்தான். ஓரத்தில் வழியாமல் மெல்லிய படலமாக அதை அடிப்பதில் சிவாஜினிக்கு ஈடாக அங்கே ஒருத்திதான் இருந்தாள். அவள் எல் சல்வடோரில் இருந்து வந்த றோசா. இருவரும் தங்களுக்குத் தெரிந்த அரைகுறைப் பிரெஞ்சில் நாள் முழுக்கக் கதைப்பார்கள்.

மஞ்சள் பூச்சில் குரோமியம் இருக்கிறது. உலோகத்தைக் காப்பதும் அதுதான், மூச்சோடு உள்ளே போனால் ஆளைக் கெடுப்பதும் அதுதான். முகமூடி போட்டுத்தான் இருவரும் வேலை செய்தார்கள். ஆனாலும் போன மாரிக் குளிரில் றோசாவின் மூக்கில் இரத்தம் கசியத் தொடங்கியது. ஹீட்டர் காற்றின் வறட்சி என்று முதலில் சிரித்துக் கழித்தாள். பிறகு சாப்பாட்டு மேசையில் ஒரு கையில் கரண்டியும் மறு கையில் கடதாசித் துண்டுமாக இருக்கத் தொடங்கினாள்.

அந்த நேரத்தில்தான் பொறியாளர் ஜம்புநாதன் புதுப் பூச்சைக் கொண்டுவந்தார். சென்னையில் படித்தவர், மொன்ட்ரியாலுக்கு வந்து நெடுங்காலம். புதுப் பூச்சில் குரோமியம் இல்லை. கரைப்பது தண்ணீரில். மண்ணுக்கும் ஆளுக்கும் கேடில்லை.

"சோதனைத் தகட்டுக்கெல்லாம் நீங்களே அடிங்க, சிவாஜினி. தோத்தா அது பூச்சோட தப்பா இருக்கணும், கையோட தப்பா இருக்கக் கூடாது" என்றார்.

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு அடித்தாள். காய்ந்த தகடுகளில் ஜம்புநாதன் குறுக்காகக் கீறல் போட்டு, உப்புநீரைப் புகையாகத் தூவும் பெட்டிக்குள் வைத்தார். வாரக்கணக்கில் அவை அங்கே கிடக்கும். இடைவேளை கிடைத்தபோதெல்லாம் சிவாஜினி அந்தப் பெட்டியின் கண்ணாடியில் முகத்தை ஒட்டிப் பார்த்தாள்.

தகடுகளை வெளியே எடுத்த அன்று அவளையும் கூப்பிட்டார். இரண்டு தகடுகள் சுத்தமாக இருந்தன. மற்றவற்றில் கீறல் நெடுக வெள்ளை மாப்போல அரிப்புப் பூத்து, பூச்சு கொப்புளித்திருந்தது.

"சேர், இந்த ரெண்டையும் மட்டும் மேலிடத்துக்குக் காட்டுங்கோவன்."

"முடியாதுங்க. சக்கரத்தை மடக்குற பாகத்துக்குப் போற பூச்சு இது. உள்ளுக்குள்ள அரிச்சா வெளிய தெரியாது."

"றோசாவின்ர மூக்குக்குள்ள அரிக்கிறது மட்டும் வெளியில தெரியுதோ?"

ஜம்புநாதன் எல்லாத் தகடுகளையும் ஒன்றாக எடுத்துக்கொண்டு மேலே போனார். அவரில் பிழையில்லை என்று அவளுக்குத் தெரியும். அதனால் கோபம் கூடியதே தவிரக் குறையவில்லை.

கடைசியில் புதுப் பூச்சை இருக்கைச் சட்டங்களுக்கு மட்டும் ஏற்றுக்கொண்டார்கள். சக்கரப் பாகங்களுக்கு மஞ்சள்தான். அதே மாதம், றோசாவின் மூக்கின் நடுச்சுவரில் ஓட்டை விழுந்திருப்பதாக வைத்தியர் சொல்லி வேலையை நிறுத்தினார். மஞ்சள் பூச்சு அடிக்கும் அறையின் வேலை முழுவதும் சிவாஜினியின் தலையில் விழுந்தது.

செயின்ட்-மிஷேலில் இருக்கும் வீட்டுக்கு வந்து கணவன் பிரசாந்திடம் சொன்னாள். அவன் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுபவன்.

"விட்டிட்டு வாரும்" என்றான்.

"நான் விட்டா வேற ஒருத்தி உள்ள போவாள். அந்தப் பூச்சில்லாம பிளேனும் பறக்கேலாது."

"பிளேனும் விழக்கூடாது, நீரும் விழக்கூடாது. ரெண்டில ஒண்டுதான் எண்டு ஆர் சொன்னது?"

மறுநாள் அவள் அறை வாசலில் நின்று, உள்ளே போகமாட்டேன் என்றாள். ஆபத்தான வேலையை மறுக்க இங்கே சட்டம் இடம் கொடுக்கிறது. ஆனால் அந்தத் தொழிற்சாலையில் யாரும் அதைச் செய்ததில்லை. மேலாளர் முதலில் கெஞ்சினார், பிறகு கத்தினார். சிவாஜினி அசையவில்லை.

அவள் மறுத்ததை விசாரிக்க அரசாங்கப் பரிசோதகர் வந்து ஒரு சிறு குழாயிலிருந்து புகையை விட்டுப் பார்த்தார். காற்று சுவரில் இருந்த வடிகட்டிக்குப் போகாமல், நிற்பவரின் முகத்தைச் சுற்றிவிட்டே போனது. காற்றை வெளியே இழுக்கும் விசிறி தேய்ந்திருந்தது. அறையை மூடினார்கள்.

திருத்தும் வரை சிலரைச் சம்பளமில்லாமல் வீட்டுக்கு அனுப்பினார்கள். மீதிப் பேர் சிவாஜினியின் சாப்பாட்டு மேசையில் உட்காரவில்லை. "பொன்ஜூர்" சொன்னாலும் தலையைத் திருப்பிக்கொண்டார்கள்.

புது விசிறியும், வெளியிலிருந்து நல்ல காற்று வரும் தலைக்கவசமும் வந்தன. ஜம்புநாதன் குரோமியம் இல்லாத வேறொரு கலவையை உப்புநீர்ப் பெட்டிக்குள் வைத்திருந்தார். அது தேறுமோ தெரியாது. சிவாஜினி அந்தக் கவசத்தைப் போட்டுக்கொண்டு மஞ்சள் அறைக்குள் போனாள்.

அந்தக் கிழமை முடிவில் மொன்ட்ரியால்-நோரில் இருக்கும் றோசாவின் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னாள். றோசா மூச்சு விடும்போது மெல்லிய விசில் கேட்டது. அடுப்பில் சூப் தீய்ந்துகொண்டிருந்தது. அந்த மணம் அவள் மூக்குக்கு எட்டவில்லை. சிவாஜினிதான் எழுந்து போய் அடுப்பை அணைத்தாள்.

"ஒரு விசிறிதானா காரணம்?" என்று றோசா கேட்டாள். "நான் வேலையில் இருந்தபோது ஏன் எங்களில் ஒருவரும் வாசலில் நிற்கவில்லை?"

சிவாஜினி தீய்ந்த சட்டியைத் தொட்டிக்குள் வைத்துத் தேய்க்கத் தொடங்கினாள்.