பசலையும் பச்சைப் பட்டைகளும்

எண்பதுகளின் நடுவில் சேலத்தில் எம்.எஸ்ஸி. தாவரவியல் படித்தேன். கடைசி வருடம் அப்பா கறாராகச் சொல்லிவிட்டார்: "பாஸாயிட்டீன்னா மேல படி சாமி. கோட்டை உட்டீன்னா தையில கல்யாணம்." நாமக்கல் பக்கத்தில், எங்கள் விவசாயக் காட்டுக்கு நாலு காடு தள்ளி, சொந்த லாரியோடு மாப்பிள்ளை வேறு தயாராக இருந்தார். அவர் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்ற ஆசைதான் பேயாய்ப் பிடித்திருந்தது. அதனால் செய்முறைத் தேர்வில் கோட்டை விடக்கூடாது என்பதிலேயே குறியாக இருந்தேன்.

அந்தத் தேர்வில் எனக்கு வந்த வேலை இதுதான். இலையின் பசுங்கணிகத்துக்குள் மெல்லிய சவ்வுகள் உண்டு. வெயிலைப் பிடித்துத் தரும் புரதங்கள் பச்சையத்தைச் சுமந்துகொண்டு முதல், இரண்டாம் ஒளியமைப்பு என்று ரெண்டு கூட்டமாய் அவற்றில் பதிந்திருக்கும். அந்தச் சவ்வை மட்டும் பிரித்து, சோப்பு மாதிரி ஒரு மருந்தில் பதமாகக் கரைத்து, அல்வா மாதிரி உறைந்த ஜெல்லில் ஏற்றிக் கரண்ட் விட வேண்டும். புரதங்கள் சிதையாமல் இருந்தால் பச்சைப் பட்டைகள் தனித்தனியே நிற்கும். சிதைந்தால் பச்சையம் கழன்று அடியில் போய்ச் சேரும், மார்க்கும் அதோடு போகும்.

புத்தகத்தில் ஸ்பினாச் இலை என்று போட்டிருந்தது. அகராதி பசலைக்கீரை என்றது. எங்கள் பேராசிரியை மேடமும் "ஆமா, பசலைதான்" என்றார். அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே எழுந்து நிற்கிற நாங்கள் மறுபேச்சா பேசுவோம்? தேர்வுக்கு முதல் நாள் காலை அம்மாபேட்டையில் ரெண்டு கட்டுப் பசலை வாங்கி வந்து, ஐஸில் வைத்து அரைத்தேன்.

அரைத்தேனா? வெண்டைக்காய் மாதிரி கொழகொழவென்று நூல் நூலாய் இழுத்தது. துணியில் ஊற்றினால் சொட்டுக்கூட இறங்கவில்லை. மறுநாள் வெளியூரிலிருந்து தேர்வாளர் வருகிறார், என்னிடம் காட்ட ஒரு பட்டைகூட இல்லை. மணவறையில் உட்கார்ந்துவிட்ட மாதிரியே இருந்தது.

பயத்தில் புத்தகத்தைப் புரட்டியபோதுதான் ஸ்பினாச்சின் படம் கண்ணில் பட்டது. தரையோடு ஒட்டி வட்டமாய் வளர்ந்திருந்தது. நம் பசலை வேலியில் ஏறும் கொடியல்லவா? அடப்பாவிகளா! ரெண்டும் வேறு வேறு குடும்பம். தாவரவியல் படித்தவளுக்கு இதுகூடத் தெரியாதா என்று சிரிக்காதீர்கள். அந்தக் கீரையை அன்றைக்குச் சேலம் சந்தையில் யார் கண்டார்கள்?

மேடத்தின் முன்னால் போய் நின்றேன். படம் இருந்த பக்கத்தை விரித்து நீட்டினேன்.

"ஏனுங்க மேடம், பசலை ஆகாதுங்க. ஸ்பினாச் வேறங்க."

"அப்ப நான் சொன்னது தப்புங்கிறியா?"

"இல்லீங்க... ஆமாங்க."

தொலைந்தேன் என்று நினைத்தேன். அவர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஜன்னல் பக்கம் கையைக் காட்டி, "தொட்டியில தட்டைப்பயறு முளைச்சிருக்கு. பறிச்சுக்கோ" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

அந்த இலை ஒழுங்காக அரைபட்டது, ஒழுங்காக வடிந்தது. மதியம் கரண்ட் விட்டேன். நடுவில் கரண்ட் போய்விடக்கூடாதே என்று தெரிந்த தெய்வங்களையெல்லாம் கூப்பிட்டேன். சாயங்காலத்துக்குள் பட்டைகள் பிரிந்துவிட்டன, சாயம் எதுவும் போடாமலே பச்சையாக.

மறுநாள் தேர்வாளர் ஜெல்லை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இந்தப் புரதமெல்லாம் சவ்வு முழுக்க ஒரே மாதிரி பரவியிருக்குமா?" என்றார். மனப்பாடம் செய்த இங்கிலீஷ் எல்லாம் பயத்தில் பறந்துபோய், ஊர்ப் பேச்சு வாயில் வந்தது.

"இல்லீங்க சார். சவ்வு சில எடத்துல தோசை மாதிரி அடுக்கியிருக்குதுங்க. ரெண்டாவது ஒளியமைப்பும், அதுக்கு வெயில் புடிச்சுக் குடுக்கற புரதமும் பெரும்பாலும் அந்த அடுக்குலதானுங்க. மொதல் ஒளியமைப்பு ஓரத்துலயும் அடுக்காத சவ்வுலயும் இருக்குதுங்க."

"ஏன் அப்படி?"

"அந்த மொதல் அமைப்பு தலை பெருத்ததுங்க சார். இடுக்குல நுழையாதுங்க."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

ரிசல்ட் வந்த அன்று தபால் ஆபீசிலிருந்து ட்ரங்க் கால் போட்டேன். எங்கள் ஊரில் ரைஸ்மில்லில்தான் போன் இருந்தது, அப்பாவை அங்கே கூட்டி வந்தார்கள்.

"பாஸுங்கப்பா! ஃபர்ஸ்ட் கிளாஸ்!"

"ரொம்ப சந்தோசம் சாமி. மாப்ள ஊட்டுலயும் எம்மெஸ்ஸி முடிச்ச புள்ளதான் வேணும்னு ஒத்தக்கால்ல நிக்கறாங்க. தையிலயே வெச்சுக்கலாம்."

"பாஸானா மேல படின்னு சொன்னீங்களேப்பா?"

"ஆரு வேண்டாங்கறா? அவிய ஊட்டுல கேட்டுப் படிச்சுக்க."

லைன் கட்டாகிவிட்டது. கவுண்டரில் இருந்தவர், "பேசி முடிச்சாச்சுங்களா?" என்று கேட்டார். "இன்னும் இல்லீங்க" என்று அதே நம்பருக்கு மறுபடியும் ட்ரங்க் கால் பதியச் சொன்னேன்.