ஜெஸீமா டீச்சரின் சஹன்

எங்கள் பாடசாலையின் வரலாற்றை யாராவது எழுத முன்வந்தால், ஆசிரியர் ஓய்வறையில் ஓர் இடைவேளையின்போது எடுக்கப்பட்ட தீர்மானம் ஒன்றுக்குத் தனி அத்தியாயம் ஒதுக்க வேண்டிவரும். அன்று புவியியல் ஆசிரியை ஜெஸீமா பிளேன்டி என்னும் பாலில்லாத தேநீரைக் கையில் வாங்கி, எழுந்து நின்று, இனிமேல் தாம் சீனி போட்டுக் குடிப்பதில்லை என்று அறிவித்தார். பாடசாலை அதிபருக்குத் தெரியுமா என்று ஒருவர் கேட்டார். பௌஸியா டீச்சர் மட்டும் எழுந்து போய், ஜெஸீமாவின் நெற்றியில் கைவைத்துக் காய்ச்சலா என்று பார்த்தார்.

அந்தத் தீர்மானத்தை எடுத்தவர் போன மாதம் மௌத்தாகிவிட்டார். மரணச் செய்தி பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் வந்தது. நான் அடுப்படியில் நின்றிருந்தேன். இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய், இன்னாரின் சகோதரி என்று சொல்லிக்கொண்டு போனார்கள். யார் என்று எனக்குப் பிடிபடவில்லை. கடைசியாகத்தான் அவருடைய பெயர் வந்தது. கல்முனையில் பாதிப் பேருக்கு உலகப் படத்தில் இலங்கை எங்கே இருக்கிறது என்று காட்டிக்கொடுத்தவரை ஊர் அந்த ஒழுங்கில்தான் அடையாளம் காட்டியது. அடுப்பை அணைத்துவிட்டுப் போனேனா என்பது எனக்கு இன்னும் நினைவில்லை.

அவரோடு படிப்பித்தவர்களுக்கும் அவரிடம் படித்தவர்களுக்கும் இதை எழுதுகிறேன். அவர் சீனியை விட்ட காரணம் உங்களில் பலருக்குத் தெரியாது. அவருடைய கணவருக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுதாகி, கடைசிக் காலத்தில் வாரந்தோறும் இரத்தம் சுத்திகரிக்கும் இயந்திரத்தில் போட்டார்கள். அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்து ஜெஸீமா விடைத்தாள் திருத்தினார். கணவர் போன பிறகு, ஜெஸீமாவுக்கே சீனி வருத்தம் என்ற நீரிழிவு கூடி, சிறுநீரகத்தில் கை வைத்துவிட்டது என்று டொக்டர் சொன்னார். அன்று பாடசாலைக்கு வந்து என்னிடம் ஒரு வசனம்தான் சொன்னார்: "மௌத்துக்கு நான் பயப்படல்ல டீச்சர். அந்தக் கட்டிலுக்கு மட்டும் போகமாட்டன்."

சீனிக்குப் பிறகு நடை வந்தது. விடியற்காலையில் சுபஹு தொழுதுவிட்டுக் கடற்கரை வீதியால் நடப்பது என்று முடிவு. அவரும் நானும் பௌஸியாவும் அயலில் மூன்று பேருமாக ஆறு பேர், எல்லோரும் சீனி வருத்தத்துக்காகக் கிளினிக்கில் ஒரே வாங்கில் உட்கார்ந்து காத்திருந்து பழகியவர்கள். முதல் நாளே ஒரு சிக்கல் எழுந்தது. எங்கள் ஊரில் ஒரு பெண் வீதியில் நடந்தால் எங்காவது போய்க்கொண்டிருக்க வேண்டும். எங்கும் போகாமல் நடப்பதற்கு இங்கே பெயர் கிடையாது. வழியில் கண்ட எல்லோரும் நிறுத்திக் கேட்டார்கள்.

"எங்க டீச்சர் இந்த நேரத்தில? ஆருக்கும் சுகமில்லையா?"

"வாப்பா, ஒருத்தருக்கும் ஒண்டுமில்ல."

"அப்ப எங்க போறீங்க?"

மறுநாள் ஜெஸீமா ஆளுக்கொரு மீன் பையைக் கொண்டுவரச் சொன்னார். கேட்பவர்களுக்கு மீன் வாங்கப் போகிறோம் என்று சொல்லலாம். ஊர் திருப்தியடைந்தது. ஆனால் பெரியநீலாவணைக் கரையில் தோணி இழுப்பவர்களும் அதை நம்பிவிட்டார்கள். வெறும் பையோடு திரும்ப எங்களுக்கு வெட்கமாக இருந்தது. ஒவ்வொரு நாளும் வாங்கினோம்.

"டீச்சர், நேத்து வாங்கின பாரை முடிஞ்சா?" என்று கேட்பார் மீன்காரர், உண்மையான அக்கறையோடு.

"முடிஞ்சி காக்கா," என்பார் ஜெஸீமா.

முடியவில்லை. ஆறு வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிகளிலும் கதவு சாத்த முடியாதபடி மீன். பௌஸியாவின் மாப்பிள்ளை, நடையை நிறுத்தாவிட்டால் தான் நடையைக் கட்டுவதாகச் சொல்லியனுப்பினார். மீனைத் தீர்க்க வேண்டியிருந்தபடியால்தான் எங்கள் வீடுகளில் இறைச்சி குறைந்தது. அதை ஜெஸீமா திட்டமிட்டுச் செய்ததாகப் பின்னாளில் சொல்லிக்கொண்டார். நான் மறுக்கவில்லை.

மழைக்காலத்தில் பௌஸியா படுத்துக்கொள்வார். ஜெஸீமா வாசலில் நின்று கூப்பிட வேண்டும்.

"இண்டைக்கு எனக்கு மனசு வரல்ல டீச்சர்."

"மனசு வருமெண்டு ஆரு பாத்துக்கிட்டிரிக்கிற? செருப்பப் போடுங்க. அது பின்னால வரும்."

"எண்ட மனசு கட்டாருக்கு வேலைக்குப் போயிரிக்கி. ரெண்டு வருசம் செல்லும் வர."

"அப்ப செருப்பு மட்டும் வரட்டும். வெளிய வாங்க புள்ள."

வருவார். சந்தி தாண்டுவதற்குள் சிரிக்கத் தொடங்கிவிடுவார். மனஉறுதி பற்றி நான் வாசித்த தடித்த புத்தகங்கள் எதுவும் பௌஸியாவை அந்தக் கட்டிலிலிருந்து எழுப்பியிருக்காது.

எல்லாவற்றிலும் கடினமானது கலியாண வீடு. எங்கள் பக்கத்தில் ஆறு பேர் ஒரு பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்து உண்பதுதான் சஹன். தனித்தட்டில் குறைத்து உண்பவரை யாரும் கவனிக்க மாட்டார்கள். சஹனில் ஒருவர் கையை இழுத்தால் மற்ற ஐந்து பேரும் அவருடைய பக்கத்துக்கு இறைச்சியைத் தள்ளுவார்கள். அது அன்பு. அதை மறுத்தால் கோபம் என்று பொருள். மாதக்கணக்கில் நடந்து இறக்கிய சீனியை ஒரு சஹன் ஒரு மத்தியானத்தில் ஏற்றிவிடும்.

ஜெஸீமாதான் வழி கண்டார். நடக்கிற ஆறு பேரும் ஒரே சஹனில் உட்காருவது. கை வைக்கும் முன்பே பாதிச் சோற்றை வேறு தட்டில் அள்ளி, சமையல்கட்டில் வேலை செய்கிறவர்களுக்கு அனுப்புவது. யாரும் யாருக்கும் எதையும் தள்ளுவதில்லை. முதல் முறை அப்படிச் செய்தபோது பெண்ணின் தாய் ஓடிவந்தார்.

"என்ன டீச்சர் இது? எங்கட சோத்தில என்ன குறை?"

"குறை ஒண்டுமில்ல புள்ள. கூடத்தான்."

அவர் இரண்டு நாள் எங்களோடு கதைக்கவில்லை. பிறகு அந்த ஏற்பாடு பழகிவிட்டது. 'சீனிக்காரச் சஹன்' என்று பெயரும் கிடைத்தது. இனிப்பு வட்டிலப்பம் பரிமாறுகிறவர்கள் எங்களை மரியாதையோடு சுற்றிப் போனார்கள். பௌஸியா அவர்களைக் கண்ணால் வாசல்வரை வழியனுப்பிவைப்பார்.

மையத்தை, அதாவது இறந்தவரின் உடலை, குளிப்பாட்டுகிறவர்கள் அங்கே கண்ட குறையை வெளியில் சொல்லக் கூடாது. நல்லதைச் சொல்லலாம். ஜெஸீமாவைக் குளிப்பாட்டியபோது எனக்குப் பாதங்கள் வந்தன. சீனிக்காரர்களின் பாதம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், என்னுடையவை இரண்டு இருக்கின்றன. ஜெஸீமாவின் பாதங்களில் ஒரு கீறல் இல்லை. ஒவ்வொரு இரவும் விளக்கடியில் கண்ணாடி பிடித்துப் பார்த்து எண்ணெய் பூசிவந்த பாதங்கள். தண்ணீர் ஊற்றினேன். விரல்களுக்கு இடையில் கழுவினேன். அவசரப்பட வேண்டாம் என்று பக்கத்தில் யாரோ சொன்னார்கள். நான் அவசரப்படவில்லை. என்னால் முடிக்க முடியாமல் இருந்தது.

மாரடைப்பு. தூக்கத்தில் போயிருந்தார். முற்றத்தில் கதிரைகள் போட்டு முடிவதற்குள் ஊர் தன் தீர்ப்பை வழங்கிவிட்டது.

"அவ்வளவு நடந்த மனிசியே போயிட்டா. நாம நடந்து என்னத்தக் காணப்போறம்?"

இதைச் சொன்னவர் சீனி போட்ட தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். ஜெஸீமாவின் மகள் ரிஸ்னா என்னை உள்ளே கூப்பிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். "உம்மா மெஷினுக்குப் போகல்ல டீச்சர்," என்றார். "ஒரு நாள்கூடப் போகல்ல." அதை அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். நானும் ஒவ்வொரு முறையும் ஓம், ஓம் என்று ஆமோதித்தேன்.

இரண்டு வாரங்களுக்கு முன் மருதமுனையில் ஒரு கலியாணம். ஐந்து பேரும் வழமைபோல ஒன்றாக உட்கார்ந்தோம். சஹனுக்கு ஆள் குறைந்தால் விருந்து வீட்டார் நிரப்புவார்கள். மாப்பிள்ளையின் மாமி ஒருவரைக் கொண்டுவந்து எங்கள் நடுவில் வைத்தார்கள். நல்ல மனிசி. யாரும் பாதிச் சோற்றை அள்ளி எடுக்கவில்லை. அதைச் செய்கிறவர் எப்போதும் ஜெஸீமாதான். மாமி எங்கள் எல்லோருடைய பக்கத்துக்கும் இறைச்சியைத் தள்ளினார். "டீச்சர்மார், வெக்கப்படாமத் திண்ணுங்க," என்றார். பௌஸியா என்னைப் பார்த்தார். நான் சோற்றைப் பார்த்தேன். சாப்பிட்டுக்கொண்டே பௌஸியா அழுதார். அந்த மாமி, உறைப்புக் கூடிப்போய்விட்டதாக நினைத்துத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார்.

ஜெஸீமாவிடமிருந்து என்னிடம் இருப்பது, விடியுமுன் விழித்துக்கொள்ளும் பழக்கம். தொழுதுவிட்டு வாசல்படியில் உட்கார்ந்திருக்கிறேன். இப்போது வந்து கூப்பிடுவார் என்று காதில் ஏதோ ஒன்று காத்திருக்கிறது. வெளிச்சம் வந்த பிறகு, நடக்காமலே உள்ளே போகிறேன்.

சென்ற வாரம் கிளினிக்கில் எனக்குச் சீனி ஏறியிருக்கிறதென்று மாத்திரையைக் கூட்டினார்கள்.