அளவு போடாத நீலக் கோடு

கொக்குவிலில் தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம், பச்சைக் கேற் போட்ட வீடு ஒன்று இருக்கிறது. அதில் தக்சாயினியும் தாய் பராசக்தியும் இருக்கிறார்கள். கேற்றில் எழுதியிருக்கிற பெயர் சுபாஸ்கரன். அவர் தக்சாயினியின் அண்ணன், ரொறன்ரோவில் இருக்கிறார். வீடும் அவருடையதுதான். தக்சாயினிக்கு நாற்பத்தொரு வயது, கலியாணம் செய்யவில்லை. ஒழுங்கைச் சனம் அவளை வாய்க்காரி என்று சொல்லும். சொல்லட்டும். வாயை மூடிக்கொண்டு இருந்தவர்கள் மட்டும் பெரிதாக என்னத்தைக் கண்டுவிட்டார்கள்?

அவள் பன்னிரண்டு வருஷம் யாழ்ப்பாண நகரத்தில் ஒரு பொறியியலாளரின் அலுவலகத்தில் கட்டடப் படம் கீறினாள். அந்தப் படங்களின் கீழ் மூலையில் ஒரு பெட்டி இருக்கும். வரைந்தவர், சரிபார்த்தவர், அங்கீகரித்தவர் என்று அதில் மூன்று வரி. முதல் வரி அவளுக்கு, மற்ற இரண்டும் ஐயாமாருக்கு. ஒருமுறை ஒரு மாடிப்படியைக் காட்டி, இது இப்படியே கட்டினால் ஏறுகிறவருக்குத் தலை இடிக்கும் என்று சொன்னாள். உன்னுடைய வேலை கீறுவது, அதைச் செய் என்றார்கள். படி கட்டி முடிந்தது, வீட்டுக்காரருக்குத் தலை இடித்தது, பழி முதல் வரிக்கு வந்து விழுந்தது. அன்றைக்கே அவள் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

பிறகு வீட்டின் பின்னறையில் ஒரு மேசை, ஒரு கணினி. மதில் கட்டுகிறவர்களுக்கும் குசினி பெருப்பிக்கிறவர்களுக்கும் சின்னச் சின்னப் படங்கள். அப்படிப் போய்க்கொண்டிருந்த நேரத்தில்தான், அவள் இணையத்தில் அனுப்பிய விண்ணப்பத்தைப் பார்த்து நோர்வேயில் ஒரு நிறுவனம் அவளை வேலைக்குக் கேட்டது. மற்றவர்கள் கீறிய படங்களைப் பார்த்துப் பிழை பிடித்து, இரண்டாவது வரியில் தன் பெயரைப் போடுகிற வேலை. அவள் அந்தக் கடிதத்தை நாலு தரம் வாசித்தாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒரு மணிக்குச் சோதனை. அவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, இணையத்தின் வழியே அவர்களுடைய கணினியில் இரண்டு மணித்தியாலம் வேலை செய்து காட்டவேண்டும். இரண்டு நிபந்தனை. ஒன்று, வயரில் வருகிற இணையம், வேகம் செக்கனுக்கு நாற்பது மெகாபிற்றுக்குக் குறையக்கூடாது. மற்றது, கதவு பூட்டக்கூடிய, கமரா இல்லாத அறை. முன் ஹோலில் அண்ணன் பூட்டிய கமரா இருக்கிறது. ஆகவே பின்னறையை விட்டால் அவளுக்கு வேறு இடம் இல்லை.

திங்கட்கிழமை வேகத்தை அளந்து பார்த்தாள். ஒன்பது தசம் நான்கு. எடுத்திருக்கிற இணைப்போ நூறு.

இணைப்புக் கொடுத்த நிறுவனத்துக்கு மூன்று தரம் போன் எடுத்த பிறகு, செவ்வாய்க்கிழமை ஒருவர் வந்தார். ஹோலில் ரவுட்டருக்குப் பக்கத்தில் நின்று தன் போனில் அளந்து, தொண்ணூற்றாறு காட்டுகிறது, எங்கள் பக்கம் எல்லாம் சரி, பிழை உங்கள் கணினியில்தான் என்று சொல்லிப் போய்விட்டார். பின்னறை வரைக்கும் வந்து பார்க்க அவருக்குக் கால் நோகுமாக்கும்.

புதன்கிழமை சந்தியில் கடை வைத்திருக்கிற ஜெரோசன் வந்தான். கணினியைத் திறந்து தூசி தட்டினான். உள்ளே இணைய வயர் செருகுகிற சின்னச் சுற்றுப் பலகையைக் கழற்றிவிட்டுப் புதிது போட்டான். அளந்தால் அதே ஒன்பது தசம் நான்கு. எல்லாவற்றையும் அழித்துவிட்டுத் திரும்பப் போட்டுப் பார்ப்போமா என்று கேட்டான். நான் கீறிய படமெல்லாம் உள்ளே கிடக்கிறது, உன் தலையை அழித்துத் திரும்பப் போட விடுவாயா என்று அவள் கேட்டாள். அவன் சிரித்துக்கொண்டே எழும்பிப் போனான்.

ஒவ்வொரு நாள் பின்னேரமும் அண்ணனுக்கும் போன் எடுத்துச் சொன்னாள். அவருடைய பதில் மாறவே இல்லை. உனக்குப் பாவிக்கத் தெரியவில்லை, அது பழைய கணினி, நான் டிசம்பரில் வரும்போது பார்க்கிறேன், அதுவரைக்கும் எதையும் நோண்டாதே. தாயும் அதற்கு ஒத்து ஊதினாள். அண்ணன் இருக்கும்போது உனக்கு வெள்ளைக்காரனின் வேலை எதற்கு என்று கேட்டாள். அந்தக் கேள்விதான் தக்சாயினியைச் சுட்டது. அண்ணன் பார்க்கிறார்தான், குறை சொல்ல முடியாது. அப்பா செத்த பிறகு அவளைப் படிக்க வைத்ததே அவர்தான். ஆனால் ஒருவர் பார்க்கிறார் என்பதற்காக மற்றவர் கையைக் கட்டிக்கொண்டு கிடக்க வேண்டுமா?

வியாழக்கிழமை காலை அவள் ஒருவரையும் கூப்பிடவில்லை. இத்தனை நாளும் காலையில் அளந்தாலும் மாலையில் அளந்தாலும், மழை பெய்தாலும் வெயில் எறித்தாலும், அதே ஒன்பது தசம் நான்கு. ஊரெல்லாம் பாவிக்கிற லைனில் நெரிசல் என்றால் ஏறும், இறங்கும். இது அசையாமல் நிற்கிறது என்றால் வீட்டுக்குள்ளே ஏதோ ஒன்று பிடித்து வைத்திருக்கிறது. அவள் ஒரு தாளை எடுத்து, தனக்குத் தெரிந்த வேலையைச் செய்தாள். படம் கீறினாள். ஒழுங்கைக் கம்பத்தில் தொடங்கி, முன்சுவர்ப் பெட்டி, ரவுட்டர், வயர், புதுப் பலகை, கணினி என்று இணையம் வருகிற வழி முழுவதையும் கோடு கோடாகப் போட்டாள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் யார் பார்த்தார்கள், எவ்வளவு காட்டியது என்று எழுதினாள்.

எழுதி முடித்துத் தாளைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள். ரவுட்டரிலிருந்து பின்னறை வரைக்கும் போகிற நீளக் கோட்டுக்குப் பக்கத்தில் மட்டும் ஒன்றும் இல்லை. ஒரு எண் கூட இல்லை. அளவு போடாத கோட்டோடு படம் கொடுப்பதைப் போல வெட்கக்கேடு அவளுடைய தொழிலில் வேறு இல்லை.

அது அண்ணனுடைய நீல வயர். போன வருஷம் நல்லூர்த் திருவிழாவுக்கு வந்தபோது, சொக்கிலேற்றோடும் சப்பாத்துகளோடும் சூட்கேசில் சுற்றிக் கொண்டுவந்தது. கனடா வயர், உங்கடை சாமான் மாதிரி இல்லை என்று சொல்லி, தானே ஸ்ரூலில் ஏறி, ஹோலிலிருந்து குசினி நிலைக்கு மேலாகப் பின்னறை வரைக்கும் கிளிப் வைத்து ஆணி அடித்தார். தாய் கீழே நின்று பார்த்துப் பூரித்துப்போனாள். வந்த சொந்தக்காரர் எல்லாருக்கும் சாமியைக் காட்டுவது போல அந்த வயரைக் காட்டினார்கள். நிறுவனத்தைச் சந்தேகப்பட்டார்கள், கணினியைச் சந்தேகப்பட்டார்கள், தக்சாயினியின் மூளையைக் கூடச் சந்தேகப்பட்டார்கள். அந்த வயரைச் சந்தேகப்பட ஒருவருக்கும் தோன்றவில்லை.

அவளுக்கே தோன்றவில்லை. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. ஊரில் ஒருவருக்கும் தலை குனியாத வாய்க்காரி, சூட்கேசில் வந்த வயருக்குத் தலை குனிந்திருக்கிறாள். தன்மேல் வந்த கோபத்தில் அவளுக்குக் காது சுட்டது.

கணினியைத் தூக்கிக்கொண்டு ஹோலுக்குப் போனாள். ரவுட்டரோடு பெட்டியில் வந்த ஒரு முழ வயரைச் செருகி அளந்தாள். தொண்ணூற்று நான்கு. கணினியில் பிழை இல்லை. அவளிலும் பிழை இல்லை.

ஜெரோசனின் கடையில் இருபது மீற்றர் வயர் வாங்கி, இரண்டு பக்கமும் தலை போடுவித்துக்கொண்டு வந்தாள். பின்னேரம் ஐந்து மணிக்கு, ஸ்ரூலைப் போட்டுச் சுத்தியலோடு ஏறி, கிளிப் கிளிப்பாகக் கழற்றத் தொடங்கினாள். அண்ணன் மனம் நோகும், கழற்றாதே என்று தாய் சுற்றிச் சுற்றி வந்தாள். குசினி நிலைக்கு மேலே இருந்த கிளிப்பை நெம்பியபோது வயரும் சேர்ந்து இழுபட்டது. ஆணி கிளிப்பில் இறங்கவில்லை, வயரின் வயிற்றுக்குள்ளேயே இறங்கியிருந்தது.

அந்த நேரம் போன் அடித்தது. ரொறன்ரோவில் அப்போது விடிந்த பொழுது. தேத்தண்ணி குடித்துக்கொண்டே கமராவில் வீட்டைப் பார்ப்பது சுபாஸ்கரனின் வழக்கம்.

"என்ன பிள்ளை செய்யிறாய்? அது நான் அடிச்ச வயரல்லோ."

"ஓம் அண்ணை, நீங்கள் அடிச்ச வயர்தான். நீங்கள் அடிச்ச ஆணியும் இதுக்குள்ளைதான் கிடக்கு." வயரைக் கமராவுக்கு நேரே தூக்கிப் பிடித்தாள்.

"அதை அப்பிடியே விடு. என்னட்டைக் கேட்டுச் செய்திருக்கலாம்" என்றார்.

"மூண்டு நாளாய்க் கேட்டனான். உனக்குப் பாவிக்கத் தெரியேல்லை எண்டு சொன்னனீங்கள்." அண்ணனோடு இப்படி அவள் ஒருநாளும் கதைத்ததில்லை. "அண்ணை, வீடு உங்கடை. உந்தக் கமராவும் உங்கடை. நான் அதுக்கு ஒண்டும் சொல்லேல்லை. ஆனா இந்த வயரிலை ஓடப்போறது என்ரை வேலை. அதை நான்தான் பாப்பன். நாளைக்கு ஒரு மணி டிசம்பர் வரைக்கும் காத்துக்கொண்டு நிக்காது."

போனை வைத்தாள். அழுகை வந்தது, வந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டாள். சுத்தியலை மட்டும் கீழே வைக்கவில்லை. அடுத்த ஆணிக்கு எட்டியபோது ஸ்ரூல் ஆடியது. பிறகு ஆடவில்லை. குனிந்து பார்த்தால், தாய் இரண்டு கையாலும் அதன் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"விழுந்து கிழுந்து போடாதை. கழட்டு, நான் பிடிக்கிறன்."

புது வயர் போட்டு முடித்துப் பின்னறையில் அளந்தாள். தொண்ணூற்று நான்கு. மேசையில் கிடந்த படத்தை எடுத்து, அளவில்லாத கோட்டுக்குப் பக்கத்தில் அந்த எண்ணை எழுதினாள். பிறகு கீழ் மூலையில் ஒரு பெட்டி கீறி, மூன்று வரி போட்டு, மூன்றிலும் தன் பெயரையே எழுதினாள்.

வெள்ளிக்கிழமை சோதனையில் நோர்வேக்காரர் கொடுத்த படத்தில் ஒரு மாடிப்படி இருந்தது. அதைப் பார்த்த உடனேயே அவளுக்குப் பிழை தெரிந்துவிட்டது. திங்கட்கிழமை தொடங்கலாம் என்று பின்னேரமே கடிதம் வந்தது. தாய் நீல வயரைக் கிணற்றடியில் கொடியாகக் கட்டி, தன் சேலையை அதில் காயப்போட்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சுபாஸ்கரன் போன் எடுத்தார். தாயின் கால் வலியை விசாரித்தார், மழையை விசாரித்தார். வேலை கிடைத்ததாம் என்று அம்மா சொன்னார், சந்தோஷம் என்றார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"இஞ்சை என்ரை வீட்டிலையும் மேலறையிலை இன்ரர்நெற் சரியான ஸ்லோவாய்க் கிடக்கு, பிள்ளை. அந்த வயரும் நான் அடிச்சதுதான்."

தக்சாயினிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"கம்பத்திலையிருந்து மேலறை வரைக்கும் ஒரு படம் கீறி அனுப்புங்கோ அண்ணை. நான் சரிபாக்கிறன்."