இடது கால் சிவப்பு, வலது கால் பச்சை

எங்க வீட்டுக்காரர் மதன் சட்னியை மோந்து பார்த்துட்டுத்தான் தோசையை விள்ளுவாரு. கல்யாணமான புதுசுல எனக்கு வந்த கோவம் இருக்கே! "என்ன, ஊசிப்போனதையா வைக்கிறேன்?"னு தட்டைப் பிடுங்கிட்டேன். அப்பத்தான் மனுஷன் தலையைக் குனிஞ்சுக்கிட்டு சொன்னாரு, தக்காளிச் சட்னியும் கொத்தமல்லிச் சட்னியும் அவரு கண்ணுக்கு ஒரே மாதிரின்னு. சிவப்பும் பச்சையும் பிரிச்சுத் தெரியாது. பொறவியிலேயே அப்படி.

அப்படிப்பட்டவரு பார்க்கிற வேலையைக் கேளுங்க. மைசூர்ல ஒரு கேம் கம்பெனிக்கு, பொம்மைங்களுக்கு நிறம் மாத்துற வேலை! கேம்ல ஓடுற சின்னச் சின்ன உருவம் இருக்கில்ல, வரையறவங்க ஒரு சிப்பாயைத்தான் வரைவாங்க. அதையே சிவப்புப் படை, பச்சைப் படைன்னு கம்ப்யூட்டர்ல மாத்திக் கொடுக்கிறது இவரு. கம்ப்யூட்டர்ல ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு நம்பர் உண்டு. அதெல்லாம் அவருக்கு மனப்பாடம். ஆபீஸ்ல ஒருத்தருக்கும் விஷயம் தெரியாது. தெரிஞ்சா வேலை போயிடும்னு பயம். "இது என்ன கலர்"னு வாய்விட்டு யாரையும் கேட்டதில்ல, என்னையும் சேர்த்துத்தான்.

போன மாசம் மேனேஜர் மஞ்சுநாத் போன் பண்ணாரு. கேமை வாங்கப்போற மேடம் வீடியோ கால்ல வர்றாங்களாம், அவங்க சொல்லச் சொல்ல இவரு அவங்க கண்ணெதிர்லயே நிறம் மாத்திக் காட்டணுமாம். அவ்வளவுதான், மனுஷனுக்குச் சோறு இறங்கல. "மாட்டிக்கப்போறேன் அஷ்வினி. இத்தோட முடிஞ்சுது"ங்கிறாரு. வேற தொழில் என்ன தெரியும் இவருக்கு?

யோசனை சொன்னது நான்தான். வீட்டுலேர்ந்துதானே வேலை பார்க்கிறாரு, நான் மேஜைக்கு அடியில உக்காந்துக்கிறேன். சிவப்புன்னா இடது காலைக் கிள்ளுவேன், பச்சைன்னா வலது கால். "பைத்தியமா உனக்கு?"ன்னாரு. ஆனா வேணாம்னு சொல்லல.

வீடியோ கால் ஆரம்பிச்சுது. நான் நைட்டியோட மேஜைக்கு அடியில. அவரு முழங்கால் என் தோள்ல இடிக்குது. முதல்ல எல்லாம் சரியாத்தான் போச்சு. நீலம், மஞ்சள், அதெல்லாம் அவருக்கே தெரியும். அப்புறம் அந்த மேடம் கையில கிடந்த கண்ணாடி வளையலைக் கழட்டி கேமரா முன்னாடி காட்டினாங்க. "ராணியோட பாவாடை இந்தக் கலர்ல வேணும்."

அவரு அசையல. நான் கழுத்தை வளைச்சு, கீழேயிருந்து ஸ்கிரீனை எட்டிப் பார்த்தேன். கரும்பச்சையாத் தெரிஞ்சுது. வலது காலைக் கிள்ளினேன். அவரு பச்சை நம்பரைத் தட்டினாரு.

"என்ன இது, பச்சை?"ன்னு அந்தம்மா குரல் ஏறுச்சு.

அய்யோ! பழைய லேப்டாப், கீழேயிருந்து பார்த்தா நிறமெல்லாம் மாறித் தெரியும். அது எனக்கு அப்பத்தான் உறைச்சுது. பதறிப்போய் இடது காலைக் கிள்ளோ கிள்ளுன்னு கிள்ளுறேன். அவருக்கு எதை நம்புறதுன்னு புரியல, கை மவுஸ் மேலயே நிக்குது. மஞ்சுநாத் கன்னடத்துல "என்னாச்சு மதன், விளையாடுறியா?"ன்னு அதட்டுறாரு.

அப்ப இவரு சொன்னாரு, "சார், எனக்குச் சிவப்பு பச்சை தெரியாது. இத்தனை நாளும் நம்பரை வச்சுத்தான் பண்ணேன். இப்ப என் யூகம் தப்பாப் போச்சு."

யூகமாம்! பழியைத் தானே வாங்கிக்கிறாரு. எனக்குப் பொறுக்கல. மேஜையில மண்டை இடிக்க வெளிய வந்து, கலைஞ்ச தலையோட கேமரா முன்னாடி நின்னேன். "சார், தப்பு என்னுது. கிள்ளினது நான்."

மஞ்சுநாத் நெத்தியைத் தேய்ச்சுக்கிட்டாரு. நான் முருகனைக் கூப்பிட்டுக்கிட்டே நிக்கிறேன்.

"முதல் நாளே சொல்லியிருந்தா, அனுப்புறதுக்கு முன்னாடி நிறத்தைச் சரிபார்க்க ஒரு ஆளைப் போட்டிருப்பேன்ப்பா"ன்னாரு கடைசியில. "நாளையிலேர்ந்து போடுறேன். நீ வேலையைப் பாரு. வளையல் சிவப்பு."

இவரு நம்பரைத் தட்டினாரு, ராணி பாவாடை சிவந்துச்சு. வீடியோ கால் முடிஞ்சுது. அப்புறம் அவரு பேன்ட்டை முழங்கால் வரைக்கும் சுருட்டினாரு. கெண்டைக்கால் சதையில நான் கிள்ளின இடமெல்லாம் ரத்தம் கட்டியிருந்துச்சு.

"என்ன கலர்ல இருக்கு, அஷ்வினி?"ன்னு கேட்டாரு.

"நாவப்பழக் கலருங்க"ன்னேன். அழுகையை அடக்க முடியல.